நடுகல்லும் நம் கல்லறையும்

மாண்டவர் பேசார்; அவர் தலைமாட்டில் நிற்கும் கல் பேசும். அக்கல்லில் இரண்டு வரி எழுத்து இருக்குமாயின், ஐம்பது ஆண்டு கழித்து அவ்வழியே நடக்கும் முன்பின் அறியாதான் ஒருவனும் நின்று படித்து, இங்கே ஒரு மனிதர் வாழ்ந்து உழைத்து மாண்டார் என்று உணர்ந்து செல்வான். எழுத்து இல்லையேல் அது வெறுங்கல். கல்லும் இல்லையேல் அது வெறும் மேடு. பத்து மழைக்காலம் கழிந்தபின் அம்மேடும் இல்லை.

கல்லறையிற் பொறிக்கும் சிறு பாட்டைக் குறித்து இங்கே எழுதப் புகுகின்றோம். இது வெள்ளையர் வழக்கம், கிறித்தவர் வழக்கம், நமக்குப் புதிது என்று எண்ணுவார் நம்மிற் பலர். உண்மை அதற்கு நேர் மாறானது. மாண்டவர்க்குக் கல் நட்டு, அதிற் பெயரையும் செயலையும் எழுதும் வழக்கம் தமிழனுடைய மிகப் பழைய வழக்கங்களுள் ஒன்று. கல் நடும் சடங்கை நாம் இன்றும் விடவில்லை. எழுத்தை மட்டுமே விட்டுவிட்டோம். விட்டதை மீட்க வேண்டும் என்பதே யாம் சொல்ல வந்தது.

தொல்காப்பியர் புறத்திணையியலில் நடுகல் எடுக்கும் முறையை ஆறு படிகளாக வகுத்துள்ளார். தக்க கல்லைத் தேடிக் காண்பது காட்சி, அதனைக் கொணரத் தொடங்குவது கால்கோள், நீராட்டுவது நீர்ப்படை, நிலத்தில் நிறுத்துவது நடுதல், படையலிட்டுச் சிறப்புச் செய்வது பெரும்படை, போற்றுவது வாழ்த்து. சிலப்பதிகாரத்து வஞ்சிக்காண்டக் காதைகள் இவ்வரிசையைத் தழுவியே பெயர் பெற்றிருக்கின்றன. அங்கே கல் எடுக்கப்பெற்றவள் அரசியல்லள். கணவனை இழந்து, நீதி கேட்டு நின்ற வணிகர் குடிப்பெண். அவளுக்காகச் சேரன் செங்குட்டுவன் இமயம் வரை சென்று கல் கொணர்ந்தான் என்று காப்பியம் கூறும்.

சங்கப் பாடல்களிலே நடுகற்கள் வழிநெடுக நிற்கின்றன. ஆநிரையை மீட்கப் பொருது மாண்ட வீரர்க்குக் கல் நட்டு, அதிற் பெயரும் சிறப்பும் எழுதி, மயிற்பீலி சூட்டிக் கள் படைத்த செய்திகள் பல உள. அதியமான் மாண்டபின் அவன் கல்லுக்குச் சிறு கலத்திற் கள் படைத்ததைக் கண்ட ஔவையார், மலையொடு நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் இச்சிறு கலத்தைக் கொள்வானோ என்று நெஞ்சுருகிப் பாடினார். அகநானூற்றுப் பாட்டொன்று வேறொரு காட்சியைக் காட்டுகின்றது. சுரத்து வழியில் நிற்கும் நடுகல்லில் மறவர் அம்பு தீட்டித் தீட்டி எழுத்துத் தேய்ந்துபோயிற்று. வழிச்செல்வோர் நின்று படிக்க முயன்றும் பொருள் கூடவில்லை. எழுத்து அழிந்த கல்லைக் கண்டு அன்றைக்கே ஒரு புலவர் மனம் வருந்தியிருக்கிறார்.

இவையெல்லாம் புலவர் கற்பனை என்று ஒதுக்குவார்க்கு நிலமே விடை கூறிவிட்டது. 2006ஆம் ஆண்டில் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில், வைகைக் கரையில், தமிழி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்கள் கிடைத்தன. கிறித்து பிறப்பதற்கு முற்பட்ட காலத்தன அவை என்பது அறிஞர் கருத்து. அவற்றுள் ஒன்று, ஆநிரைப் பூசலில் மாண்ட ஒருவனுடைய பெயரையும் ஊரையும் பூசல் நடந்த இடத்தையும் சில சொற்களிலே கூறி முடிக்கின்றது. புகழுரை ஒன்றும் இல்லை. யார், எவ்விடத்தான், எதன்பொருட்டு மாண்டான் என்பது மட்டுமே உண்டு. இரண்டாயிரம் ஆண்டு நிலைத்தற்கு அதுவே போதுமானதாயிற்று.

செங்கம் வட்டாரத்திலே கிடைத்த வட்டெழுத்து நடுகற்களைத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1972இல் நூலாக வெளியிட்டது. அவ்வட்டாரத்து எடுத்தனூரில் உள்ள கல் ஒன்று ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தது. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. தன் எருமைகளைக் காக்கப் பொருது மாண்ட கருந்தேவக்கத்தி என்பானுக்கு எடுத்தது. அக்கல்லில் வீரன் அருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கின்றது. கோவிவன் என்னும் அந்நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று அதற்கும் எழுத்து உண்டு. எருமை மேய்த்தவனுக்கும் அவன் வளர்த்த நாய்க்கும் பெயர் சொல்லிக் கல் நாட்டிய மக்கள் நம் முன்னோர். மன்னர்க்கு மட்டுமே உரியது கல்லெழுத்து என்று சொல்வார் இதனை எண்ணிப் பார்க்க.

இவ்வழக்கம் முற்றும் மறைந்ததா? இல்லை. நம் வீட்டுக் கருமாதியை எண்ணிப் பாருங்கள். மாண்டவரைக் கல்லாக நிறுத்தி, நீராட்டிப் படையல் இட்டு வணங்குகின்றோம். பின்னர் அக்கல்லை எடுத்து ஆற்றிலோ கடலிலோ விட்டுவிடுகின்றோம். கல், நீர், நடுதல், படையல் ஆகிய பழைய படிகள் அங்கே அப்படியே இருக்கக் காணலாம். இல்லாதது எழுத்தொன்றே. எழுத்தறிவு சிலர் கையில் ஒடுங்கிய காலத்தில், மற்றையோர் கல்லையும் நீரையும் சோற்றையும் காப்பாற்றினர். எழுத்தைக் காப்பாற்ற அவர்க்கு வழியில்லை. அதனால் நம் பாட்டன்மார் பதினாறு நாள் மட்டும் கல்லாக நின்று, பிறகு பெயரின்றி நீரிற் போயினர். இன்று நம்மில் எழுதப் படிக்கத் தெரியாதார் அரியர். காரணம் நீங்கியபின்னும் வழக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பது அறிவுடைமை ஆகாது.

மலாக்காவில் வாழும் நாம் கல்லறை எழுத்தின் ஆற்றலைக் காண நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. மலாக்கா எல்லையை அடுத்த பெங்காலான் கெம்பாசில் அகமது மஜ்னூன் என்பாருடைய கல்லறை இருக்கின்றது. 1467ஆம் ஆண்டைச் சேர்ந்த அதன் எழுத்து, மலாய் மொழியை ஜாவி எழுத்திலும், இந்திய எழுத்தின் வழிவந்த காவி எழுத்திலும் காட்டுகின்றது. கடலுக்கு அப்பால், அச்சே நாட்டு மின்யே துஜோ என்னுமிடத்தில் அரச குலப் பெண்ணொருத்தியின் கல்லறை உண்டு. பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியது. அதில் உள்ள மலாய்ப் பாட்டே நமக்குக் கிடைத்துள்ள மலாய்ச் செய்யுள்களுள் மிகப் பழையது என்று அறிஞர் கூறுவர். ஒரு மொழியின் முதற் செய்யுள் ஏட்டில் அன்றிக் கல்லறையிலே பிழைத்திருப்பது நினைக்கத் தக்கது.

மலாக்கா நகரின் நடுவே 1753இல் கட்டி முடிக்கப்பெற்ற செந்நிறக் கிறைஸ்து தேவாலயத்தை அறியாதார் இல்லை. அதன் தளத்திற் பதித்த கற்களுள் ஆர்மீனிய எழுத்துக் கல் ஒன்று உண்டு. 1774ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் தம் இருபத்தொன்பதாம் வயதில் இவ்வூரிலே மாண்ட ஜேக்கப் ஷாமியர் என்னும் வணிகருடையது அது. அவர் சென்னையிலே அச்சகம் நிறுவித் தம் இனத்தாரின் விடுதலைக்கு நூல் அச்சிட்ட ஆர்மீனியக் குடும்பத்தார். அக்கல்லிற் செதுக்கிய பாட்டு, படிப்பவனை வாழ்த்திவிட்டு அவனிடமே ஒரு செய்தி கேட்கின்றது. தாம் எவர்பொருட்டு அழுதாரோ அந்நாட்டார் விடுதலை பெற்றனரா, சிதறிய ஆடுகளை ஒன்று சேர்க்க ஒரு நல்ல மேய்ப்பன் வந்தானா என்பதே அக்கேள்வி. பாரசீகத்திலே பிறந்து, சென்னை வழியாக மலாக்காவுக்கு வந்து, அயல் மண்ணிற் கிடக்கும் இளைஞர் ஒருவர் இருநூற்றைம்பது ஆண்டாகப் போவார் வருவாரை எல்லாம் நிறுத்தித் தம் நாட்டைப் பற்றி வினவுகின்றார். ஆர்மீனியா 1918இல் விடுதலை பெற்று, விரைவிலே இழந்து, 1991இல் மீண்டும் பெற்றது. அவர் வினாவுக்கு இன்று விடை உண்டு. அவ்வினா கல்லில் இருந்தமையால் அன்றோ விடை சொல்லவும் நமக்கு இயன்றது?

அதே மலாக்கா மண்ணில் நம்மவர் நிலை என்ன? இங்கே நமது வரலாறு நேற்றையது அன்று. 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயிலைக் காத்துவரும் மலாக்காச் செட்டிகள் தமிழ் பேசும் பழக்கத்தை இழந்து மலாய் பேசினும், போகி நாளில் முன்னோர்க்குப் படைக்கும் வழக்கத்தை இழந்தாரல்லர். அவர்க்கு நெடுங்காலம் பின்னர், 1896இல், தான் சே யான் என்பார் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவில் வாணிப முறையில் ரப்பர் பயிரிட்டது அதுவே முதல். அடுத்து புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. அத்தோட்டங்களும் பின் எழுந்தனவும் ஆள் வேண்டின. கப்பலேறிய நம்மவர் காடு திருத்தினர், மரம் நட்டனர், பால் வெட்டினர், காய்ச்சலில் விழுந்தனர், மரங்களினிடையே புதைக்கப்பட்டனர்.

தோட்டத்திற் கணக்கெழுதும் எம்போன்ற கிராணிமார் பழைய செக்ரோல் ஏடுகளைப் புரட்டும்போது ஒன்று காண்பதுண்டு. விடியுமுன் பெரட்டில் அழைத்த பெயர்கள் நாள்தோறும், மாதந்தோறும், ஆண்டுதோறும் அங்கே எழுதப்பட்டிருக்கும். ஒரு நாள் அப்பெயருக்கு எதிரே ஒரு கோடு இருக்கும். அடுத்த மாதத்து ஏட்டில் பெயரே இராது. முப்பது ஆண்டு உழைத்தவளுக்கு அவ்வொரு கோடே கல்லறை எழுத்து. ஏடும் கறையானுக்கு இரையாயின் அதுவும் இல்லை. ஒருவர் வெட்டிய பாலுக்கு இராத்தல் கணக்கு உண்டு. அவர் வாழ்ந்ததற்குக் கணக்கு இல்லை.

1950களிலும் 1960களிலும் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் கைமாறின. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அதன்பின் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்தன. இலயத்து மக்கள் பட்டணம் பெயர்ந்தனர். அவர் விட்டுச் சென்ற இடுகாட்டில் பெயரெழுதிய கல் இருந்தால், நிலத்தை வாங்கியவன் அதனை ஒரு கல்லறை என்று அறிவான். மண்வாரி ஓட்டுபவனும் ஒரு கணம் நிற்பான். வெறும் மேட்டைக் கண்டு எவன் நிற்பான்? எழுத்துள்ள கல் ஒரு சான்று. இம்மண்ணில் எம்மவர் வாழ்ந்தனர் என்று எதிர்காலத்தார் காட்டுதற்கு உதவும் பத்திரம் அது.

கல் நாட்டும் வசதியுடையார் எழுதுவதும் பெரும்பாலும் எழுத்தாக இல்லை. தோற்றம், மறைவு என்று இரண்டு தேதி, ஒரு படம், இறைவனடி சேர்ந்தார் என்று கல் தச்சர் கடையிலே எல்லார்க்கும் பொதுவாக வைத்திருக்கும் ஒரு வரி. பெயருக்குப் பின்னே சாதிப்பட்டம் வந்து நிற்கும். உயிரோடிருந்தபோது மனிதரைப் பிரித்த அப்பட்டம் இடுகாட்டிலும் வேலி கட்டும். பெண்ணாயின் இன்னார் மனைவி, இன்னார் தாய் என்பது பெரிதாகவும், அவள் சொந்தப் பெயர் சிறிதாகவும் இருக்கும். சில கற்களில் மாண்டவர் பெயரினும் உபயகாரர் பெயர் நீளம். ஆங்கிலம் படித்த வீட்டார் ஆங்கிலத்திலே ஒரு வாய்பாட்டை எழுதி வைப்பர். அதைப் படிக்க மாண்டவர்க்கே தெரிந்திராது. ஆங்கிலப் பள்ளியிலே பயின்ற எம்போன்றார்க்கு, நாட்டுப்புறத்து இடுகாட்டில் நின்று பெயரறியா உழவர்க்கு இரங்கிக் கிரே என்னும் ஆங்கிலப் புலவர் பாடி 1751இல் வெளிவந்த பாட்டைக் கற்பித்தனர். எடுத்தனூர்க் கல்லைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. இரண்டையும் அறிதல் வேண்டும்.

சில வரிகள் எவ்வளவு செய்யவல்லன என்பதற்குத் தமிழகத்திலேயே சான்றுகள் உள. தஞ்சையில் 1798ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் சுவார்ட்சு என்னும் பாதிரியார் மாண்டார். அவர்பால் கல்வி பெற்ற சரபோசி மன்னர், ஆசானின் கல்லறைக்கு ஆங்கிலத்திலே தாமே ஒரு சிறு பாட்டு எழுதினார். அனாதைகளுக்குத் தந்தை, கைம்பெண்களுக்குத் துணை என்று ஆசானின் செயல்களை அடுக்கி, உமக்குத் தகுதியுடையவனாக நான் ஆகவேண்டும் என்ற வேண்டுதலோடு அதனை முடித்தார். மொழி நயம் மிக்க பாட்டு அன்று அது. ஆயினும் மன்னன் தன்னைத் தாழ்த்தி மாணவனாக நிற்கும் உண்மை அதனுள் இருக்கிறது. ஆதலின் இன்றும் படிக்கப்படுகின்றது.

போப்பையர் கல்லறையைப் பற்றி நம் மேடைகளில் அடிக்கடி ஒரு செய்தி கேட்கிறோம். 'தமிழ் மாணவன்' என்று தம் கல்லறையில் எழுதச் சொன்னார், அவ்வாறே எழுதியிருக்கின்றது என்பர். 1908இல் மாண்ட அவர் ஆக்சுபோர்டில் அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றார். அக்கல்லிலே அச்சொற்கள் இல்லை. அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து, அவர்தம் வாழ்நாள் உழைப்பைப் போற்றி அக்கல்லை நிறுவினர் என்ற செய்தியே அங்கே உண்டு. கட்டிய கதையினும் இவ்வுண்மை குறைந்ததன்று. ஆங்கிலேயர் ஒருவர் கல்லறைக்குத் தமிழர் கடல்கடந்து பங்கு செலுத்தினர் என்பது நமக்குப் பெருமையன்றோ? எனினும் அக்கதை பரவியதற்கு ஒரு காரணம் உண்டு. மக்கள் ஒரு பெரியவரை நினைவிற் கொள்ள இரண்டே சொல் தேடினர். கல்லில் இல்லாதபோது தாமே ஆக்கிக்கொண்டனர்.

அண்மைக் காலத்தில் அத்தேவையை அறிந்தவர் திராவிட இயக்கத்தார். 1969ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் அறிஞர் அண்ணா மறைந்தார். சென்னைக் கடற்கரையில் அவர் உறங்கும் இடத்தில், எதையும் தாங்கும் அவரது இதயம் அங்கே உறங்குவதாகச் சொல்லும் ஒற்றை வரி பொறிக்கப்பட்டது. கலைஞர் கருணாநிதி 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் மறைந்தபோது, ஓயாது உழைத்தவன் ஓய்வு கொள்வதாக அவர் முன்னரே தமக்கென எழுதி வைத்திருந்த வரி அவரது பேழைமேல் எழுதப்பட்டது. இரண்டு வரிகளிலும் சொர்க்கம் இல்லை, வீடுபேறு இல்லை. செயலும் உறக்கமும் மட்டுமே உண்டு. சடங்கை மறுத்தவரும் எழுத்தை மறுக்கவில்லை என்பதைச் சீர்திருத்தம் விரும்பும் தோழர்கள் கருதுவாராக.

தலைவர்க்கு வரி கிடைத்தது சரி, பாட்டாளிக்குக் கிடைத்ததா? இதற்கு விடை காணச் சயாமுக்குச் செல்ல வேண்டும்.

ஜப்பானியர் 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்து முடித்த சயாம்-பர்மா ரயில் பாதை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுடையது. அதை அமைக்கையிலே போர்க்கைதிகளில் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழரும், பர்மியரும், மலாய்க்காரரும், ஜாவானியரும், பிறருமாகிய ஆசியத் தொழிலாளரில் மாண்டவர் அதனினும் பன்மடங்கினர். ஓர் இலட்சத்தை நெருங்கும் என்பாரும் உளர். காஞ்சனபுரிப் போர்க்கல்லறையிலே போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேர் வரிசை வரிசையாக உறங்குகின்றனர். கல்தோறும் பெயர்; பல கற்களிலே வீட்டார் எழுதிய ஒரு வரி.

அவ்வரிக்கும் ஒரு வரலாறு உண்டு. முதல் உலகப்போரிடையே 1917இல் பிரிட்டிஷார் போர்க்கல்லறை ஆணையம் ஒன்றை நிறுவினர். படைத்தலைவனுக்கும் கடைநிலைச் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல் என்பது அதன் கொள்கை. கல்லின் அடியில் வீட்டார் விரும்பும் சொற்களை 66 எழுத்துக்கு மிகாமல் பொறிக்கலாம் என்றும் விதித்தனர். தம் மகனை 1915இல் போரில் இழந்த எழுத்தாளர் கிப்ளிங் அவ்வாணையத்தின் இலக்கிய ஆலோசகராய் இருந்து, பெயர் தெரியாதார் கல்லுக்கும் சொற்கள் அமைத்தார். கொள்கை நன்று, அஃது எல்லார்க்கும் எட்டவில்லை. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் மாண்ட கறுத்த மேனியார் பல்லாயிரவர்க்குத் தனிக்கல்லோ பெயரோ இல்லாமற் போனதை அவ்வாணையமே 2021இல் ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது.

சீருடை அணியாத நம் தோட்டத் தொழிலாளர்க்கோ எந்த ஆணையமும் இல்லை. காட்டில் விழுந்த இடமே அவர்க்குக் காடு. கணவன் வருவான் என்று இலயத்து வாயிலில் காத்திருந்தவள் காத்திருந்தபடியே மூத்து மாண்டாள், அவளுக்கும் கல்லில்லை. எண்பது ஆண்டுக்குப் பின்னரே ஒரு கல் எழுந்தது. 2023ஆம் ஆண்டு மே முதல் நாள், தொழிலாளர் திருநாளிலே, காஞ்சனபுரியின் தாவோர்ன் வராராம் விகாரையில் அத்தமிழருக்காக ஒரு நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டரசு நிதி தந்தது. மலேசியத் தமிழரும் தாய்லாந்துத் தமிழரும் முன்னின்றனர். அச்சின்னத்துக்கு அவர்கள் இட்ட பெயர் நடுகல். தொல்காப்பியத்துச் சொல் ரயில் பாதையோரம் வந்து நின்றது. பெயர் தெரிந்தார்க்கெல்லாம் பெயர் எழுதும் பணி இன்னும் எஞ்சியிருக்கின்றது. பெயர் தெரியாதார்க்கு யாம் எழுதி வைத்த குறள் இது:

பெயரறியேம் ஊரறியேம் பேரிடரில் வீழ்ந்த
உயிரறிவோம் எம்மவர் என்று.

இனி, எழுதும் முறையைச் சிறிது கூறுவோம். கல்லில் எழுதுவது காகிதத்தில் எழுதுவது போன்றதன்று. தச்சன் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசுவான். சொல் மிகுந்தால் எழுத்துச் சிறுக்கும். சிறுத்த எழுத்தைப் பாசி மூடும். ஆதலின் சுருக்கமே அழகு, சுருக்கமே சிக்கனம். இதற்கென்றே அமைந்தாற்போல நம் மொழியிலே குறள் வெண்பா இருக்கின்றது; ஏழு சீரில் முடிவது. பால்வெட்டுக்காரி ஒருத்தியின் கல்லுக்கு இவ்வாறு எழுதலாம்:

இருளில் எழுந்தாள் இரப்பர் மரத்தின்
அருகில் துயின்றாள் அவள்.

எண்ணிப் பார்த்தால் 31 எழுத்துகளே. வெள்ளையர் வகுத்த 66இல் பாதியும் இல்லை. மேலே அவள் பெயர், அவளுடைய சொந்தப் பெயர், பெரிதாக வரவேண்டும். கீழே ஊரும் ஆண்டும் வரட்டும்.

யாப்பு வராதார் அஞ்சவேண்டா. உரைநடையும் கல்லில் நிற்கும். கிணறு வெட்டியவர் ஒருவர்க்கு, "கிணறு வெட்டினார்; ஊர் குடிக்கின்றது" என்றால் போதும். தோட்டப் பள்ளி ஆசிரியர்க்கு, "அகரம் எழுதச் சொன்னார், இன்னும் எழுதுகின்றோம்" எனலாம். பிறந்து மூன்றாம் நாள் மாண்ட குழந்தைக்கு, "மூன்று நாள் இருந்தாய், உனக்கும் ஒரு பெயர் உண்டு" என்று பெயரோடு எழுதலாம். இவற்றிலே ஒன்றும் அரிய சொல் இல்லை. ஒவ்வொன்றிலும் அவர் ஒருவர்க்கே பொருந்தும் ஒரு செயல் உண்டு. பண்பின் சிகரம், பாசத்தின் இருப்பிடம் என்பன எவர் கல்லிலும் ஒட்டும். எவர் கல்லிலும் ஒட்டுவது ஒருவர்க்கும் உரியதன்று. புகழ் அடைமொழி ஒன்றை நீக்கி, அவர் செய்த வேலை ஒன்றை எழுதுக. பொய் எழுதற்க, கல் நெடுநாள் நிற்கும், பொய்யும் அதனோடு நிற்கும். சாதிப்பட்டம் வேண்டா.

கருங்கல் வாங்க இயலாதார்க்கும் வழியுண்டு. அச்சிலே வார்த்த சிமிந்திப் பலகை ஈரம் உலருமுன் ஓர் ஆணியால் எழுதினால் அதுவும் பல்லாண்டு நிற்கும். அவ்வாறு வீட்டார் கையால் எழுதிய கோணல் எழுத்துக் கற்கள், கடையிற் செய்த பளிங்கினும் நெஞ்சைத் தொடுவன. மரச்சட்டத்தில் எழுதுவது வேண்டா, கறையான் படிக்கும். எரிக்கும் வழக்கமுடையாரும் இதற்குப் புறம்பல்லர். நடுகல் உடல் கிடக்கும் இடத்திலேதான் நிற்கவேண்டும் என்பதில்லை. நினைவு நிற்கவேண்டிய இடமே கல் நிற்கவேண்டிய இடம். பள்ளி வாயிலிலோ, படிப்பகச் சுவரிலோ, பழைய தோட்டத்து எல்லையிலோ, இன்னார் இங்கு உழைத்தனர் என்று பல பெயர்களை ஒருசேரப் பொறித்த ஒரு கல்லும் நடுகல்லே.

இருப்பவர்க்கே சோறில்லாதபோது மாண்டவர்க்குக் கல் ஏன் என்று வினவும் தோழர்கள் உளர். நேர்மையான வினா அது. சீர்திருத்தக்காரர் வினவவேண்டியதும் ஆகும். கருமாதிக்கும் பந்தலுக்கும் விருந்துக்கும் புரோகிதர்க்கும் நாம் செய்யும் செலவைக் கணக்கிட்டுப் பார்த்தால் விடை கிடைக்கும். அச்செலவு பதினாறாம் நாளோடு கரைந்துவிடும். அதில் ஒரு சிறு பங்கு ஒரு கல்லுக்கும் முப்பது எழுத்துக்கும் போதும். பேரன் ஒரு நாள் பிள்ளையின் கையைப் பிடித்து அங்கே அழைத்துச் சென்று, அந்த எழுத்தைக் கூட்டிப் படிக்கச் சொல்வான். தன் குடும்பம் எங்கிருந்து வந்தது, என்ன செய்தது என்பதைப் பிள்ளை தமிழிலேயே கற்கும். அவ்வாறு கற்ற பிள்ளையை, இந்நாட்டில் உனக்கு என்ன வரலாறு என்று எவனும் எளிதிலே கேட்டுவிட முடியாது.

தோழர்களே, இவ்வாரமே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டு முதியவரிடம் அமர்ந்து, அவர் தாய் தந்தையின் பெயர், ஊர், அவர் செய்த வேலை ஆகிய மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெயரைச் சொல்ல வல்லார் குறைந்து வருகின்றனர். இடுகாட்டு நிலமும் கைமாறி வருகின்றது. எழுதிய தாளை அலமாரியில் வைக்காமல் கல் தச்சரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். எருமை காத்த நாய்க்கும் பெயர் எழுதிய இனம், ரப்பர்க் காட்டைத் திருத்திய தாய்க்குப் பெயர் எழுதாமல் இருத்தல் தகாது.